எட்டணா, நாலணா, இரண்டணா: ஆங்கிலேயர் கால வெள்ளிச் சில்லறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நாணயங்களை எடைபோட்டு, ஆண்டு பார்த்து வகை பிரிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். கண்காட்சி மேசையின் முன்னாலும் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களைக் கேட்டிருக்கிறேன். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான குழப்பங்கள் இரண்டாம் கேள்வியில் சொல்லியிருக்கும் வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை. ஆகவே அவசரத்தில் இருப்பவர்களும் அதை மட்டுமாவது படித்துவிட்டு மேலே செல்லவும்.

வெள்ளிச் சில்லறை என்று எந்தெந்தக் காசுகளைச் சொல்கிறீர்கள்?

1835-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை நிலைநிறுத்தியது. அதன் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு கலப்பு. அதே தரத்தில் எடையை மட்டும் பாதியாக்கி எட்டணாவும், காலாக்கி நாலணாவும் அச்சிடப்பட்டன. 1841 முதல் இரண்டணாவும் சேர்ந்துகொண்டது. நம் பின்னக் கணக்கில் இவை அரை, கால், அரைக்கால் ரூபாய்.

அதற்குக் கீழே அணாவும் காலணாவும் தம்பிடியும் இருந்தன. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. காலணாவும் தம்பிடியும் செம்பு, பின்னர் வெண்கலம்; ஓரணாவோ 1907 வரை கணக்கில் மட்டுமே இருந்து, அந்த ஆண்டில்தான் நிக்கல் கலந்த காசாக வந்தது. அவற்றின் கதை வேறு என்பதால் தேவைப்படும் இடத்தில் மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

வெள்ளியிலே செய்த காசுக்கு எப்படி மதிப்பு குறையும்?

மூன்று வழிகளில் குறையும். முதலாவது தேய்மானம்: கைமாறிக் கைமாறிக் காசு எடை இழக்கிறது. இரண்டாவது வெள்ளி என்ற உலோகத்தின் விலை தங்கத்தோடு ஒப்பிடுகையில் வீழ்வது: காசு எடை குறையாமலே இருக்கும், ஆனால் லண்டனில் அதற்குக் கிடைக்கும் பென்ஸ் (இங்கிலாந்தின் சில்லறை: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன்) குறையும். மூன்றாவது தரக்குறைப்பு: அரசே வெள்ளியைக் குறைத்துச் செம்பையும் நிக்கலையும் கூட்டி அதே பெயரில் காசு வெளியிடுவது.

இந்த மூன்றுக்கும் காலமும் காரணமும் வேறு. நட்டம் போய்ச் சேர்ந்த இடமும் வேறு. தேய்மானத்தின் நட்டம் கடைசியாகக் காசை வைத்திருந்தவர் தலையில் விழுந்தது. விலை வீழ்ச்சியின் நட்டம் முதலில் அரசின் கணக்கேட்டில் தெரிந்து, பிறகு வரி செலுத்துவோரிடம் வந்து சேர்ந்தது. தரக்குறைப்பிலோ, காசை அரசு முழு மதிப்புக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வரை யாருக்கும் நட்டமில்லை. என் கருத்தில் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சில்லறை நாணயத்தின் சூட்சுமம் இருக்கிறது: அதைச் செல்லவைத்தது உள்ளிருக்கும் வெள்ளியைக் காட்டிலும் வாங்கிக்கொள்ளும் கை.

1835-க்கு முன்னால் சென்னையில் என்ன சில்லறை புழங்கியது?

"பணம்". இன்று செல்வம் முழுவதற்கும் பொதுப்பெயராகிவிட்ட இச்சொல் அன்று கைக்கு அடங்காத அளவுக்குச் சிறிய ஒரு காசின் பெயர். ஆங்கிலேயர் அதைத்தான் ஃபனம் என்று திரித்து எழுதினார்கள். சென்னையில் கம்பெனியின் கணக்குப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வராகன் தங்கம், பணம் வெள்ளி, காசு செம்பு.

தங்கம், வெள்ளி, செம்பு மூன்றும் ஒன்றுக்கொன்று நிலையான விகிதத்தில் நிற்கவேண்டும் என்பது ஏட்டில் மட்டும் சாத்தியமாயிற்று. வராகனுக்கு எத்தனை பணம் என்பதைக் கடைவீதி தன் போக்கில் ஏற்றியும் இறக்கியும் வந்தது. வராகன் ஏறினால் பணத்தில் கூலி வாங்கியவன் இளைத்தான். அதே ஆள் வராகனில் கடன் அடைக்கவேண்டியிருந்தால் இரட்டிப்பாக இளைத்தான். இதைச் சீர்செய்ய 1807-08 வாக்கில் கம்பெனி இயந்திரத்தில் அடித்த புதிய வெள்ளிக் காசுகளை வெளியிட்டது: அரை வராகன், கால் வராகன், ஐந்து பணம், இரண்டு பணம், ஒரு பணம். அரை வராகன், கால் வராகன் காசுகளில் ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும் இருக்கும். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு எழுத்துகளில் மதிப்பு பொறித்திருக்கும். கையில் எடுத்துப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

1818-இல் வராகனை ஓரம்கட்டி வெள்ளி ரூபாயைக் கணக்குக்கு அடிப்படையாக்கினார்கள். 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று நிர்ணயமாயிற்று. அப்படியானால் ரூபாய்க்குச் சரியாக 12 பணம். அந்தச் சென்னை ரூபாயின் 180 கிரெயின் எடையும் தரமும்தான் 1835-இல் இந்தியா முழுவதற்கும் பொதுவாயின. சென்னையின் நாணயச் சாலை 1869-இல் மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் இன்னும் நிற்கிறது.

ரூபாயைவிட இரண்டணா ஏன் அவ்வளவு தேய்ந்து கிடக்கிறது?

இரண்டணாவின் எடை 22.5 கிரெயின்தான். ஒரு கிரெயின் வெள்ளி உராய்ந்து போனால் ரூபாய்க்கு அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் நட்டம். அதே ஒரு கிரெயின் இரண்டணாவில் போனால் நாலரை விழுக்காடு அளவுக்கு நட்டம். சிறிய காசுக்கு எடையை நோக்க மேற்பரப்பு அதிகம். மேலும் ரூபாய் பானைக்குள் உறங்கும்போது இரண்டணா சந்தையில் அலைந்துகொண்டிருக்கும்.

என்னிடம் 1841-ஆம் ஆண்டின் இரண்டணா ஒன்று இருக்கிறது. ராணியின் மூக்கு, கன்னம், கொண்டை எல்லாம் ஒன்றாகி, வழுவழுப்பான ஒரு மேடு மட்டும் மிச்சம். ஆண்டைக்கூட விளக்கின் சாய்வான ஒளியில் பிடித்தால்தான் படிக்கமுடியும். 1.46 கிராம் இருக்கவேண்டியது என் தராசில் 1.29 கிராம் காட்டியது. எட்டில் ஒரு பங்கை நெருங்கும் இழப்பு.

தேய்ந்த காசைக் கருவூலத்தில் கொடுத்தால் வாங்கிக்கொண்டார்களா?

ஓர் எல்லை வரை. ரூபாயும் எட்டணாவும் நிர்ணயித்த எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் இழக்காதவரை சட்டப்படி செல்லும். அதற்கு மேலே தேய்ந்தது செல்லும் காசு என்ற தகுதியை இழக்கும். ஆனாலும் இயல்பான தேய்மானம் என்று விதிகள் வகுத்த வரம்புக்குள் இருந்தால் அரசு அதை ஏற்றுக்கொண்டு, மறுபடி வெளியே விடாமல் உருக்க அனுப்பும். 1835, 1840 ஆகிய ஆண்டுகள் பொறித்த பழைய ரூபாய்களைக் கருவூலங்கள் இவ்வாறு படிப்படியாகத் தடுத்து நிறுத்தின.

அந்த வரம்பையும் தாண்டினால் கத்தரிதான். 1906-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் அதிகாரம் பெற்ற அலுவலர் அப்படிப்பட்ட காசை வெட்டவேண்டும் என்றது. தேய்மானத்தின் அளவைப் பொறுத்து, வெட்டிய துண்டுகளுக்கு ஒரு விலை கிடைக்கலாம். மிகையாகத் தேய்ந்ததோ வேண்டுமென்றே சுரண்டியதோ என்றால் துண்டுகளைக் கையில் கொடுத்துவிடுவார்கள், நட்டம் கொண்டுவந்தவரையே சேரும். எழுபது ஆண்டுகளாக ஆயிரம் கைகள் தேய்த்த காசுக்கு ஆயிரத்தோராவது ஆள் மட்டும் விலை கொடுக்கவேண்டும் என்பது எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தேய்மானம் என்பது புழக்கத்தின் செலவு. அதை ஏற்கவேண்டியவர் காசை வெளியிட்டவர்.

அப்படியானால் நோட்டக்காரர்கள் வட்டம் பிடித்தது கொள்ளைதானே?

முழுக்க அப்படிச் சொல்லமுடியாது. காசைச் சுண்டி ஓசை கேட்டு, விரலால் விளிம்பைத் தடவி, ஐயமிருந்தால் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துத் தரம் சொன்னவர் நோட்டக்காரர். அதை வாங்கி வேறு காசு கொடுத்தது காசுக்கடை. தேய்ந்த காசுக்குக் கழித்துக்கொண்ட தொகை வட்டம். மேலே சொன்ன கத்தரிக்கு ஒருநாள் அந்தக் காசு போய்ச் சேரும் என்ற அச்சத்தின் விலைதான் அது. கருவூலம் தொலைவில், காசுக்கடை தெருமுனையில் என்ற நிலையில் அவர்கள் செய்தது ஒரு சேவையும்கூட.

கொள்ளை எங்கே நுழைந்தது என்றால், படிப்பறிவில்லாத கூலியாளிடம் நல்ல காசையே தேய்ந்தது என்று சொன்ன இடத்தில். இரண்டு விழுக்காடு என்ற எல்லையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. தராசு யார் கையில் இருந்ததோ அவர் சொன்னதே எடை.

நாலணாவாகவே சேர்த்து வைத்து நிலவரி கட்டியிருக்கலாமா?

சட்டப்படி யாரையும் வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்தமுடியாது. ரூபாயும் எட்டணாவும் எத்தனை பெரிய தொகைக்கும் செல்லும். நாலணாவும் இரண்டணாவும் ரூபாய்க்குட்பட்ட சில்லறைக்கு மட்டுமே. இந்த வரம்பை இங்கிலாந்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அங்கே 1816-இல் ஷில்லிங்கின் வெள்ளியைக் குறைத்துவிட்டு, 40 ஷில்லிங்குக்கு மேல் வெள்ளியில் கொடுத்தால் வாங்கவேண்டியதில்லை என்று வைத்தார்கள். வெள்ளி குறைவாக இருப்பதால் பெருந்தொகைக்கு அது கூடாது என்பது அங்கே காரணம்.

இந்தியாவில் வரம்பை மட்டும் கடன் வாங்கி, காரணத்தை விட்டுவிட்டார்கள். நான்கு நாலணாவில் ஒரு ரூபாயில் உள்ள அதே 165 கிரெயின் வெள்ளி இருந்தது. எட்டு இரண்டணாவிலும் அவ்வளவே. உலோகத்தில் முழுமை, சட்டத்தில் குறை என்ற இந்த விசித்திரம் 1917-இல் பெரிய தலைவலியாக வந்து நின்றது. அதை அங்கே பார்ப்போம்.

1870-களுக்குப் பிறகு வெள்ளி விலை விழுந்தது என்கிறார்கள். ஏன்? அது நம் ஊர்ச் சந்தையில் தெரிந்ததா?

ஜெர்மனி 1871-க்குப் பிறகு தங்க நாணயத்துக்கு மாறித் தன் பழைய வெள்ளியை விற்றது. பிற ஐரோப்பிய நாடுகளும் வெள்ளி நாணயம் அடிப்பதைச் சுருக்கின. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து புதிய வெள்ளி வந்து குவிந்தது. லண்டனில் அவுன்சு 60 பென்ஸாக இருந்த வெள்ளி 1894-இல் 30 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. ரூபாயின் மாற்று, அதாவது ஒரு ரூபாய்க்கு லண்டனில் கிடைக்கும் தொகை, 1870-களின் தொடக்கத்தில் 1 ஷில்லிங் 11 பென்ஸ் அளவில் இருந்து 1894-95-இல் 1 ஷில்லிங் 1 பென்ஸ் அளவுக்கு வந்தது.

சந்தையில் காய்கறி வாங்கியவருக்கு இது நேரடியாகத் தெரியவில்லை. நாலணா நாலணாவாகவே இருந்தது. வலி தெரிந்த இடம் அரசின் கணக்கு. ஓய்வூதியம், கடன் வட்டி, ரயில்வே வட்டி என்று இந்தியா ஆண்டுதோறும் லண்டனுக்குத் தங்கத்தில் கட்டிய தொகை 1890-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1.6 கோடி பவுன். ரூபாய் 2 ஷில்லிங்காக இருந்தால் அதற்கு 16 கோடி ரூபாய் போதும். 1 ஷில்லிங் 3 பென்ஸ் ஆனால் 25.6 கோடி வேண்டும். அந்த வேறுபாட்டை வரியாகக் கொடுத்தவர் காய்கறி வாங்கியவர்தான். அதோடு, சம்பளத்தை இங்கிலாந்துக்கு அனுப்பிய ஐரோப்பிய அதிகாரிகளுக்கு மாற்று ஈட்டுப்படி என்று ஒன்றை அரசு கொடுத்தது. அதுவும் அதே வரிப்பணத்தில்.

1893-இல் நாணயச் சாலையை மூடினார்கள் என்றால் காசு அடிப்பதையே நிறுத்தினார்களா?

இல்லை, இது மிகவும் பரவலான தவறான புரிதல். அதற்கு முன்பு யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டியைக் கல்கத்தா அல்லது பம்பாய் நாணயச் சாலையில் கொடுத்து, கட்டணம் போக அதை ரூபாயாகப் பெறலாம். இந்திய நாணயச் சிக்கலை ஆராய அமைத்த ஹெர்ஷல் குழுவின் பரிந்துரைப்படி 1893 ஜூன் 26 அன்று அந்த உரிமை நிறுத்தப்பட்டது. அரசு தன் தேவைக்கு அடிப்பது தொடர்ந்தது.

நோக்கம் ரூபாயை அரிதாக்குவது. அது நடந்தது: சில ஆண்டு தடுமாற்றத்துக்குப் பின் 1898 வாக்கில் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸை எட்டியது, 1899-இல் 15 ரூபாய்க்கு ஒரு தங்கப் பவுன் என்று சட்டம் வந்தது. வெள்ளி விலையோ விழுந்துகொண்டே போயிற்று. 1902 வாக்கில் அவுன்சு 24 பென்ஸ். கணக்குப் போட்டால் 16 பென்ஸுக்குச் செல்லும் ரூபாய்க்குள் 9 பென்ஸ் வெள்ளியும், 4 பென்ஸுக்குச் செல்லும் நாலணாவுக்குள் இரண்டேகால் பென்ஸ் வெள்ளியும் இருந்தன. ரூபாய் முதல் இரண்டணா வரை எல்லாமே வெள்ளியில் அச்சிட்ட சீட்டுகள் ஆகிவிட்டன.

இதில் ஏமாந்தவர்கள் கொலுசிலும் தண்டையிலும் அரைஞாணிலும் சேமித்த குடும்பங்கள். ரூபாயை உருக்கி நகை செய்வதும், கேடு காலத்தில் நகையை ரூபாய்க்கு விற்பதும் ஒரே எடைக்கணக்கில் நடந்தவை. 1893-க்குப் பிறகு பத்து ரூபாய் எடையுள்ள தண்டைக்குப் பத்து ரூபாய் கிடைக்கவில்லை. லண்டனுக்குப் போன தொகையைக் குறைக்க எடுத்த முடிவின் கட்டணம் பஞ்சகாலத்தில் அடகுக்கடை வாசலில் வசூலானது.

வாங்கிய விலைக்கும் செல்லும் மதிப்புக்கும் உள்ள லாபம் யாருக்குப் போனது?

அரசுக்கு. 1899-இல் ஃபவுலர் குழு (ஹெர்ஷல் குழுவுக்கு அடுத்து வந்த நாணயக் குழு) சொன்னபடி 1900 முதல் அந்த லாபத்தைத் தனி இருப்பாக ஒதுக்கினார்கள்; ரூபாயின் மாற்று சரிந்தால் தாங்கிப் பிடிக்க அது வேண்டும் என்பது கருத்து. அந்த இருப்பின் பெரும்பகுதி லண்டனில் வைக்கப்பட்டது. 1907-இல் புதிய லாபத்தின் ஒரு பகுதியை ரயில்வேச் செலவுக்குத் திருப்பினார்கள். அடுத்த ஆண்டே மாற்று சரிந்து, இருப்பு எவ்வளவு தேவை என்பது தெரிந்துபோயிற்று.

9 பென்ஸ் வெள்ளியில் 16 பென்ஸ் காசு என்றால், கள்ளக்காசு அடிப்பவன் ஈயம் கலக்கவே வேண்டாமே?

சரியாகப் பிடித்தீர்கள். முழு எடை, முழுத் தரம் உள்ள வெள்ளியில் அடித்தாலும் லாபம் உண்டு. அப்படி அடித்ததை நோட்டக்காரரின் ஓசையோ உரைகல்லோ கண்டுபிடிக்காது. 1893-இல் இந்த அச்சம் வெளிப்படையாகவே பேசப்பட்டது. நடைமுறையில் வார்ப்பு அச்சின் நுணுக்கமும் விளிம்புக் கோடுகளும் தடையாக இருந்தன. என்னிடம் கொண்டுவரப்படும் போலிகளில் மிகுதியானவை இன்னும் ஈயமும் தகரமுமே. பேராசைக்கு 7 பென்ஸ் லாபம் போதவில்லை போலும்.

பன்றி ரூபாய் என்கிறார்களே, சில்லறையிலும் அது உண்டா?

உண்டு. 1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் காசில் அரசரின் மேலங்கியில் உள்ள யானையின் தும்பிக்கை குட்டையாக விழுந்து, பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. 1912 முதல் யானையைத் திருத்தி அச்சிட்டார்கள். 1911 எட்டணா, நாலணா, இரண்டணாவிலும் அந்தப் பழைய உருவம் இருக்கிறது. இரண்டணாவில் பார்க்க உருப்பெருக்கி வேண்டும்.

வெள்ளி மலிந்ததுதானே சிக்கல்? முதல் உலகப்போரில் விலை ஏறியபோது ஏன் அரசு பதறியது?

1 ஷில்லிங் 4 பென்ஸ் மாற்றில், வெள்ளி அவுன்சுக்கு 43 பென்ஸைத் தொட்டால் காசுக்குள் இருக்கும் வெள்ளி காசின் மதிப்புக்குச் சமமாகிவிடும். அதற்கு மேலே போனால் காசைச் செலவழிப்பதைவிட உருக்குவது லாபம். 1917 ஆகஸ்ட்டில் விலை அந்தக் கோட்டைத் தாண்டியது. போருக்காக இந்தியாவில் வாங்கிய பொருள்களுக்குக் கொடுக்க ரூபாய் தேவைப்பட்ட அதே வேளையில், வெளியிட்ட ரூபாய் மறைந்துகொண்டிருந்தது. அரசு காசை உருக்கத் தடை விதித்தது, வெள்ளி ஏற்றுமதியைத் தடுத்தது, மாற்றைப் படிப்படியாக உயர்த்தியது. 1920 பிப்ரவரியில் வெள்ளி 89½ பென்ஸ் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்த விலையில் நாலணாவுக்குள் 8 பென்ஸுக்கு மேல் வெள்ளி.

இங்கிலாந்தின் ஷில்லிங்கைப் போல நம் சில்லறை முன்பே தரம் குறைக்கப்பட்டிருந்தால் அதை உருக்கும் ஆசை இவ்வளவு விரைவில் எழுந்திருக்காது. ரூபாயின் அதே தரத்தில் இருந்ததால் ரூபாயோடு சேர்ந்து இதுவும் ஆபத்தில் விழுந்தது. ஆகவே 1917-உடன் வெள்ளி இரண்டணா நின்றது. 1918-இல் சதுர நிக்கல் இரண்டணா வந்தது. 1919-இல் நிக்கல் நாலணாவும் எட்டணாவும். 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டும், 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய் நோட்டும் வெளியாயின. பெருஞ்சிக்கலைத் தீர்த்தது அமெரிக்கா: 1918 ஏப்ரலில் நிறைவேறிய பிட்மன் சட்டத்தின்படி தன் கிடங்கில் இருந்த 25.9 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, 20 கோடி அவுன்சு வெள்ளியை இந்தியாவுக்காக விற்றது.

நிக்கல் எட்டணா ஏன் கிடைப்பதே இல்லை?

1919, 1920 ஆகிய இரண்டே ஆண்டுகள்தாம் அது அச்சானது. எட்டணா என்பது அந்தக் காலத்தில் சிறு தொகை அல்ல. மலிவான உலோகத்தில் அடித்த உயர்மதிப்புக் காசைக் கள்ளர்கள் விரும்பினார்கள். போலி பெருகவே அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நாலணா 1921-ஐத் தாண்டவில்லை. இரண்டணா மட்டும் தங்கியது, அதைப் போலி செய்வதில் அவ்வளவு வருவாய் இல்லாததால். வெள்ளி விலை மறுபடி இறங்கியதும் எட்டணாவும் நாலணாவும் பழைய தரத்துக்கே திரும்பின.

சமஸ்தானங்களிலும் இலங்கையிலும் இதே நிலைதானா?

திருவிதாங்கூர் தன் வெள்ளிச் சில்லறையைத் தானே வைத்திருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்; ஆங்கிலேய ரூபாய்க்கோ 28½ சக்கரம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்குப் போனவர் இந்த அரைச் சக்கரத்தை மனத்தில் வைத்துக்கொண்டே பேரம் பேசவேண்டும். புதுக்கோட்டையின் அம்மன் காசு செம்பு என்பதால் இங்கே சேராது.

இலங்கை 1872-இலேயே ரூபாயை 100 சதமாக்கிவிட்டது. ரூபாய் இந்திய ரூபாயேதான். ஆனால் 1892 முதல் வந்த 10, 25, 50 சதக் காசுகளில் 80 விழுக்காடு மட்டுமே வெள்ளி, 1919 முதல் 55 விழுக்காடு. இந்தியாவில் செய்யத் தயங்கியதை அங்கே முன்கூட்டியே செய்திருக்கிறார்கள்.

1940-க்குப் பிறகு வந்த காசில் பாதிதான் வெள்ளியாமே. அது மோசடி இல்லையா?

1940-இல் நாலணாவில் தொடங்கி, எட்டணா, ரூபாய் என்று வரிசையாக 50 விழுக்காடு வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம் என்ற நால்கலப்புக்கு மாற்றினார்கள். எடை மாறவில்லை. ரூபாயின் விளிம்பில் பள்ளமான பாதுகாப்புக் கோடு சேர்ந்தது. நாலணாவுக்கு வாங்கும் பொருளை அது வாங்கிற்று, அரசும் நாலணாவாகவே ஏற்றது. எனவே காசளவில் மோசடி என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் கேள்வியின் கடைசி வாக்கியங்களைப் பார்க்கவும்.

என் குறை வேறு இடத்தில். புதிய காசு வந்ததும் பழைய முழுவெள்ளிக் காசைத் திரும்பப் பெற்றார்கள்: முதலில் விக்டோரியா, பிறகு எட்வர்டு, கடைசியில் ஜார்ஜ் அரசர்களின் காசுகள், எல்லாம் 1941 முதல் 1943 வரையிலான ஆண்டுகளில். முழு மதிப்பு கொடுத்தார்கள், உண்மை. ஆனால் அந்தப் போர்க்கால விலைவாசியில் பாதிவெள்ளிக்கு முழுவெள்ளியைக் கொடுத்தவர் உலோகத்தில் பாதியை இழந்தார். கொடுக்காமல் பதுக்கியவர் பிழைத்தார். சட்டத்தை மதித்தவனுக்கு நட்டம், மீறியவனுக்கு லாபம்.

அப்போது சில்லறையே கிடைக்கவில்லை என்று பாட்டி சொல்வார். உண்மையா?

உண்மை. 1940 ஜூனில், பிரான்சு வீழ்ந்த வாரங்களில், மக்கள் நோட்டைக் கொடுத்துக் காசை அள்ளினார்கள். சொந்தத் தேவைக்கும் தொழில் தேவைக்கும் மேலாகக் காசு சேர்ப்பதை அரசு ஜூன் 25 அன்று குற்றமாக்கியது. ஒரு ரூபாய் நோட்டை மீண்டும் வெளியிட்டது. பிறகு செம்புக்கும் தட்டுப்பாடு வந்ததால் 1943-இல் நடுவில் துளையிட்ட காலணா வந்தது. நம் ஊரில் அதற்கு ஓட்டைக் காலணா என்று பெயர். கத்தியவார்ப் பகுதிச் சமஸ்தானங்கள் சில காகிதச் சீட்டுகளையே சில்லறையாக வெளியிட்டன.

அந்தப் பாதிவெள்ளிக் காசுகள் எங்கே போயின?

பெரும்பகுதி உருகிப்போயின. 1944 முதல் அமெரிக்கா 22.6 கோடி அவுன்சு வெள்ளியைக் கடனாகக் கொடுத்தது. உலோகமாகவே திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை. சுதந்திர இந்தியா நால்கலப்புக் காசுகளைத் திரட்டி, கல்கத்தா அலிப்பூரில் வெள்ளியைப் பிரித்தெடுத்துக் கடனை அடைத்தது. காசுப் புழக்கத்தில் 1946-இலேயே புலி உருவம் பொறித்த நிக்கல் எட்டணாவும் நாலணாவும் இடம்பிடித்துவிட்டன.

பாட்டி பெட்டியில் ஒரு பிடி நாலணா இருக்கிறது. வங்கியில் மாற்றலாமா? எது நல்ல வெள்ளி?

வங்கியில் மாற்றமுடியாது. ஆண்டைப் பாருங்கள். 1939 வரை உள்ள வெள்ளி நாலணா பன்னிரண்டில் பதினொரு பங்கு; 1941 முதல் 1945 வரை உள்ளது பாதிவெள்ளி; 1946, 1947 புலிக்காசு வெறும் நிக்கல், காந்தம் பிடித்தால் ஒட்டும். 1940 என்று இருந்தால் மட்டும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எடைபோடும்போது 2.92 கிராமுக்குக் குறைந்தால் கடைக்காரர் "தேய்மானம்" என்று கழிப்பார். அவர் கழிப்பது நியாயமா என்று பார்க்க உங்களிடமும் ஒரு தராசு இருக்கட்டும். எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு மட்டும் எடுத்து வராதீர்கள்.